சுடர் மஞ்சள் நிறமானால்: எரிவாயு அடுப்பின் கோளாறுகளும் பரிகாரங்களும்

கிள்ளைச் சுற்றுவட்டாரத்து இல்லங்களில் சவுக்கு மிலாரும் மண்ணெண்ணெயும் சமையலறையை ஆண்டுவந்த காலம் நம்மில் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கும். ஊதாங்குழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்த நம் தாய்மாரும் பாட்டிமாரும் பட்ட துன்பம் சொல்லி முடியாதது. அத்துன்பத்தினின்று அவர்களை விடுவிக்க வந்ததே எரிவாயு அடுப்பு. 1955ஆம் ஆண்டில் பர்மா ஷெல் நிறுவனம் பம்பாய் நகரில் முதன்முதலாக எரிவாயு உருளைகளை இல்லங்களுக்கு வழங்கத் தொடங்கியது. 1965இல் இந்தியன் ஆயில் நிறுவனம் 'இண்டேன்' என்னும் பெயரில் கல்கத்தாவில் அதே பணியைத் தொடங்கியது. நெடுங்காலம் நகரத்து வசதி படைத்தோரின் உடைமையாக இருந்த இவ்வடுப்பு, 2006ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் தமிழக அரசு நிறைவேற்றிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தாலும், 2016 மே 1ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய உஜ்வலா திட்டத்தாலும் ஏழை எளியோரின் குடிசை வரைக்கும் வந்து சேர்ந்தது. இது மகிழத்தக்க மாற்றமே.

ஆயினும் ஒரு குறை உண்டு. மண் அடுப்பு விரிந்தால் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசத் தெரிந்தவர்கள் நம் பெண்கள். அடுப்பின் நோயும் அதற்கு மருந்தும் அவர்களுக்கு மனப்பாடம். எரிவாயு அடுப்பைப் பற்றியோ அவர்களுக்கு எவரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. உருளையைக் கொண்டுவந்து இறக்கும் பணியாளர் அவசரத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்; அவ்வளவுதான். இதனால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. தொடக்கூடாததைத் தொட்டுப் பழுது பார்க்க முனைகிறோம். நாமே சரி செய்துகொள்ளக் கூடிய சிறு கோளாறுகளை அஞ்சி அப்படியே விட்டுவிடுகிறோம். எதை நாமே செய்யலாம், எதை ஏஜென்சி மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும் என்று பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குடும்பத்திற்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய கடற்கரைப் பங்கு ஒன்றில் மூன்று பிள்ளைகளின் தாயான ஒரு பெண்மணி தீப்புண்களோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வலக்கையும் கழுத்தும் வெந்திருந்தன. பார்க்கச் சென்றபோது அவர் மெல்லிய குரலில் சொன்னார்: "வாடை வருதுன்னு ரெண்டு தடவை சொன்னேன் சாமி. கடலுக்குப் போய் வரட்டும், காசு வந்ததும் டியூப் மாத்திக்கலாம்னாங்க. நானும் ஒரு துணியைச் சுத்திக் கட்டி வச்சேன்."

அடுப்போடு பொருந்தும் இடத்தில் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அவ்வெடிப்பின் மேல் துணியைச் சுற்றி நூலால் கட்டி மூன்று வாரங்கள் சமைத்திருக்கிறார். ஒரு நாள் விடியற்காலையில் பிள்ளைக்குத் தேநீர் வைக்க லைட்டரைத் தட்டியதும் துணி பற்றிக்கொண்டது. கணவர் கெட்டவர் அல்லர்; கட்டிலருகில் அமர்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். புதுக் குழாய் ஒன்றின் விலை சில நூறு ரூபாய். மருத்துவத்திற்கு ஆன செலவையும், அந்தக் கை மீண்டும் பாத்திரம் தூக்கப் பல மாதங்கள் ஆனதையும் நினைத்தால், அத்தொகை ஒரு தொகையே அன்று.

அடுப்பின் கோளாற்றை முதலில் அறிபவர் அதன் முன் நிற்பவர். ஆனால் பல இல்லங்களில் செலவுக்கு ஒப்புதல் தருபவர் வேறொருவர். இவ்விருவருக்கும் இடையிலே நாட்கள் ஓடிவிடுகின்றன. 'வாடை வருகிறது' என்று வீட்டுப் பெண் சொன்னால், அதை அன்றே செய்ய வேண்டிய வேலையாகக் கருதுவது வீட்டுத் தலைவரின் கடமை.

எரிவாயுவின் இயல்பு

நம் உருளைகளில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. உயர் அழுத்தத்தில் இது நீர்மமாக அடைத்து வைக்கப்பட்டுள்ளது. ஒரு லிட்டர் நீர்மம் வெளிப்பட்டால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். இயற்கையில் இதற்கு மணமே இல்லை. கசிந்தால் நாம் அறிந்துகொள்ளும் பொருட்டு 'எத்தில் மெர்காப்டன்' என்னும் நாற்றப் பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். ஆகவே அந்த வாடை ஓர் எச்சரிக்கை மணி என்று கொள்ளுதல் வேண்டும்.

இவ்வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு பரவிப் பள்ளமான இடங்களில் தேங்கி நிற்கும். நின்றுகொண்டிருப்பவருக்கு வாடை குறைவாகத் தெரியும்போதும் தரையருகில் வாயு மிகுந்திருக்கலாம். அறைக் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு முதல் ஒன்பது பங்கு வரை இவ்வாயு கலந்திருந்தால், ஒரு சிறு பொறி பட்டாலும் வெடிக்கும்.

உருளைக்குள் உள்ள அழுத்தம் மிக அதிகம். அதை ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்காகக் குறைத்து அடுப்புக்கு அனுப்புவதே ரெகுலேட்டரின் வேலை. கைக்கு அடக்கமான அச்சிறு கருவியைத் திறந்து பார்ப்பதும், சுத்தியலால் தட்டுவதும், பழுதடைந்ததைச் சந்தையில் கொடுத்து ஒட்டவைப்பதும் எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது இதிலிருந்து விளங்கும்.

சுடர் மஞ்சள் நிறமாகி, பாத்திரம் கரி பிடித்தால்

நன்றாக எரியும் சுடர் நீல நிறத்தில், ஓசையின்றி, நிலையாக நிற்கும். ஒரு பங்கு எரிவாயு முழுமையாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று தேவை. போதிய காற்றுக் கிடைக்காதபோது சுடர் மஞ்சளாகி நீண்டு, பாத்திரத்தின் அடியில் கரியைப் படியவைக்கும். எரிவாயுவும் வீணாகும். இதற்குக் காரணங்கள் பெரும்பாலும் எளியவையே.

முதலாவது, பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் குழம்பும் பர்னர் துளைகளை அடைத்திருக்கலாம். இரண்டாவது, பர்னருக்கு அடியில் காற்றை உள்ளிழுக்கும் குழலில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். சில நாட்கள் ஊருக்குப் போய்த் திரும்பிய இல்லங்களில் இது மிகவும் வழக்கம். மூன்றாவது, காற்று புகும் வாயிலுள்ள சிறு தகடு இடம் பெயர்ந்திருக்கலாம்.

முதல் இரண்டுக்கும் பரிகாரம் நம் கையிலேயே உள்ளது. ரெகுலேட்டரை அணைத்து, அடுப்பு முற்றிலும் ஆறிய பின் பர்னரை எடுத்துச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்க்க வேண்டும். பர்னர் துளைகளை ஊசியால் குத்தித் தூய்மை செய்யலாம். பின்னர் வெயிலில் நன்றாக உலர்த்தியே மீண்டும் பொருத்த வேண்டும். ஈரம் இருந்தால் சுடர் நில்லாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. பர்னர் துளை வேறு, வாயு பீறிட்டு வரும் ஜெட் என்னும் பித்தளை முனையின் நுண்துளை வேறு. பர்னர் துளையைக் குத்துவது போலவே ஜெட்டையும் ஊசியால் குத்திவிடுகிறோம். அதன் துளை மயிரிழை அளவு பெரிதானாலும் வாயு மிகுதியாக வந்து, சுடர் என்றென்றும் மஞ்சளாகவே எரியும். ஜெட்டைத் தொடுவது மெக்கானிக்கின் வேலை. காற்றுத் தகட்டைச் சரி செய்வதும் அவ்வாறே.

நம் பகுதியினருக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிச்சாவரம், முடசலோடை போன்ற கடலோர ஊர்களில் நீலச் சுடருக்கிடையே செம்மஞ்சள் பொறிகள் அவ்வப்போது தோன்றி மறைவதைக் காணலாம். உப்பில் உள்ள சோடியம் என்னும் தனிமம் தீயில் பட்டால் மஞ்சளாகத்தான் ஒளிரும். கடற்காற்றில் உள்ள உப்புத் துகள்களும், சமைக்கும்போது சிந்தும் உப்பும், அறைத் தூசியும் இப்பொறிகளை உண்டாக்கும். அடுப்பில் கோளாறு இல்லாமலே இது நிகழும். கரி பிடிக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. பாத்திரத்தின் அடி வெளுப்பாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. கறுத்தால் பர்னரைத் தூய்மை செய்யுங்கள்.

சுடர் சிறுத்து எரிந்தால்

முதலில் நினைக்க வேண்டியது உருளை தீர்ந்து வருகிறதா என்பது. தீரும் தறுவாயில் வாயுவின் வாடை சற்று மிகுதியாகத் தெரிவதும் உண்டு. நாற்றப் பொருள் அடியில் எஞ்சிய நீர்மத்தில் செறிந்து நிற்பதே இதற்குக் காரணம். எனினும், 'தீரப் போகிறது, அதனால்தான் வாடை' என்று நாமாகவே முடிவு கட்டிவிடாமல், கசிவு உண்டா என்று சோதித்துக்கொள்ளுதல் நலம்.

உருளையில் வாயு இருந்தும் சுடர் சிறுத்தால், ரெகுலேட்டர் வால்வின் மேல் முழுமையாக அமரவில்லை என்றோ, குழாய் எங்கேனும் மடிந்தோ நசுங்கியோ உள்ளது என்றோ பொருள். இவ்விரண்டையும் வீட்டிலேயே பார்த்துச் சரி செய்யலாம். ஒரு பர்னர் மட்டும் சிறுத்து, மற்றொன்று நன்கு எரிந்தால் குறை அந்த பர்னரிலோ அதன் ஜெட்டிலோதான் இருக்கும். இரண்டுமே சிறுத்தால் குறை ரெகுலேட்டர், குழாய், உருளை ஆகியவற்றின் பக்கம்.

தீரப்போகும் உருளையைக் கடைசித் துளி வரை பயன்படுத்த எண்ணிச் சிலர் அதைப் படுக்க வைக்கிறார்கள். சிலர் கொதிநீரை ஊற்றுகிறார்கள். இரண்டும் பேராபத்து. படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாக நீர்மமே ரெகுலேட்டருக்குள் புகுந்து, 250 மடங்கு விரிந்து, அடுப்பில் ஆளுயரத் தீயாக எழும். அரைநாள் எரிவாயுவை மிச்சப்படுத்த எண்ணி வீட்டையே பணயம் வைக்க வேண்டாம்.

'டப்' என்ற ஓசையும் அணைந்துபோகும் சுடரும்

அடுப்பைப் பற்றவைக்கும்போதோ அணைக்கும்போதோ 'டப்' என்று ஓசை கேட்டால், தீ துளைகளின் மேல் நில்லாமல் பர்னரின் உள்ளே இறங்கி எரிகிறது என்று அறிக. பர்னரின் மூடி சரியாக அமராததும், துளைகள் தேய்ந்து பெரிதானதும், கழுவிய பர்னர் உலராததும் இதற்குக் காரணங்கள். உடனே அணைத்துவிட்டு, ஆறியபின் மூடியை எடுத்துச் சரியாகப் பொருத்துங்கள். பின்னும் ஓசை வந்தால் தேய்ந்த பர்னரை மாற்றுவதே வழி. 'சத்தம்தானே வருகிறது' என்று விட்டுவிட்டால், உள்ளே எரியும் தீ அடிக்குழலையே சுட்டுக் கெடுத்துவிடும்.

சுடர் பர்னரை விட்டு மேலெழும்பித் துள்ளினால் காற்றோ அழுத்தமோ மிகுந்துவிட்டது என்று பொருள். இது மெக்கானிக் பார்க்க வேண்டியது.

பால் பொங்கிச் சுடர் அணைவதும், மின்விசிறிக் காற்றில் சிறுதீ அணைவதும் கோளாறுகள் அல்ல. நம் கவனக் குறைவுகள். ஆயினும் விளைவு பெரிது. நம் வீடுகளில் உள்ள அடுப்புகளில் பெரும்பாலானவற்றில், சுடர் அணைந்ததும் தானே வாயுவை நிறுத்தும் அமைப்புக் கிடையாது. தீ அணைந்தது தெரியாமல் வாயு வந்துகொண்டே இருக்கும். பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுப்பின் மேல் விசிறிக் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுகிய திருகியும் பொறி வராத லைட்டரும்

அடுப்பின் திருகி இறுகிவிட்டால் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டுத் திருப்புவது நம் வீடுகளில் வழக்கம். சமையல் எண்ணெய் வெப்பத்தில் பிசினாகிச் சில வாரங்களில் திருகியை முன்னிலும் இறுக்கிவிடும். இடுக்கியால் பிடித்துத் திருகினாலோ உள்ளிருக்கும் அடைப்பான் தேய்ந்து கசியத் தொடங்கும். இதற்கென்றே உள்ள கிரீஸைப் பூச மெக்கானிக்கிற்குச் சிறிது நேரமே பிடிக்கும்.

லைட்டரில் பொறி வராமைக்குக் காரணம் பெரும்பாலும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்குமே. உலர்ந்த துணியால் முனையைத் துடைத்துச் சற்று நேரம் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் லைட்டர் வேலை செய்யாதபோது திருகியைத் திறந்து வைத்துக்கொண்டே பலமுறை தட்டிப் பார்க்கும் பழக்கம் தீயது. ஒவ்வொரு முறையும் வாயு சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஒரு பொறி வரும்போது முகத்தில் தீ பாயும். இரண்டு முறை தட்டியும் பற்றவில்லையெனில் திருகியை மூடிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். தீக்குச்சியாயின் முதலில் குச்சியைக் கிழித்து அருகில் கொண்டுசென்று, அதன் பின்னரே திருகியைத் திறத்தல் வேண்டும்.

வாடை வந்தால் செய்ய வேண்டியவை

இலேசான வாடை வந்து, இடம் தெரியவில்லையெனில் தீக்குச்சியைக் கிழித்துத் தேடாதீர்கள். இவ்வளவு சொல்லியும் இன்னும் இப்படித் தேடுவோர் உளர். கதவு சன்னல்களைத் திறந்து, அடுப்புகளை அணைத்து, சோப்பு நீரை நுரை வரக் கலக்கி ரெகுலேட்டரின் கழுத்திலும், குழாயின் இரு முனைகளிலும், குழாய் நெடுகிலும், திருகிகளின் அடியிலும் தடவிப் பாருங்கள். எங்கே குமிழிகள் எழுகின்றனவோ அங்கே கசிவு. இச்சோதனையைப் பகல் வெளிச்சத்திலேயே செய்க.

குமிழி குழாயில் எழுந்தால் குழாயை மாற்ற வேண்டும். துணியோ இன்சுலேஷன் டேப்போ சுற்றுவதால் பயனில்லை. குமிழி உருளையின் வால்வில் எழுந்தால் உள்ளிருக்கும் சிறு ரப்பர் வளையம் கெட்டிருக்கலாம். ரெகுலேட்டரைக் கழற்றி, உருளையோடு நூலில் கட்டித் தந்திருக்கும் வெண்ணிற மூடியை வால்வின் மேல் அழுத்திப் பொருத்தினால் கசிவு நிற்கும். அம்மூடியை வெட்டி எறிந்துவிடாமல் உருளையோடு எப்போதும் வைத்திருங்கள். பின்னர் ஏஜென்சிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டிற்குள் நுழையும்போதே கடும் வாடை வீசினால் சோதனைக்கெல்லாம் நேரமில்லை. அப்போது இம்முறையைக் கடைப்பிடியுங்கள்.

மின்விளக்கையோ விசிறியையோ போடாதீர்கள். எரிந்துகொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம். சுவிட்சைப் போடும்போதும் நிறுத்தும்போதும் உள்ளே சிறு பொறி எழும். குளிர்சாதனப் பெட்டியைத் திறவாதீர்கள். கைபேசியை உள்ளே பயன்படுத்தாதீர்கள். திருவுருவப் படத்தின் முன் எரியும் மெழுகுவர்த்தி, அகல்விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் ஆகியவற்றை மறவாது அணையுங்கள். குழந்தைகளையும் முதியோரையும் வெளியே அனுப்புங்கள். கதவு சன்னல் அனைத்தையும் திறந்து, ரெகுலேட்டரை அணைத்து, வால்வுக்கு மூடியிடுங்கள். இயலுமானால் உருளையைத் திறந்த வெளிக்குக் கொண்டுசெல்லுங்கள். மின்சார மெயின் சுவிட்சு வீட்டிற்கு வெளியே இருந்தால் மட்டும் அதை நிறுத்தலாம். வெளியே வந்தபின் 1906 என்னும் எண்ணுக்கு அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் எரிவாயுக் கசிவுக்கு உதவி கிடைக்கும். தீப்பிடித்துவிட்டால் தீயணைப்பு நிலையத்தின் எண் 101.

நெடுநேரம் அதே வாடையில் இருப்பவருக்கு மூக்கு பழகிப்போய் வாடை தெரியாமற் போகும். அண்டை வீட்டார் வந்து 'கேஸ் வாடை அடிக்கிறதே' என்றால், 'எனக்கொன்றும் தெரியவில்லையே' என்று மறுக்காமல் அவர் சொல்லை நம்புங்கள்.

ஆடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். தீப்புண்ணின் மேல் பேனா மையும் பற்பசையும் இட்லி மாவும் பூசுவது இன்னும் நம்மிடையே உள்ளது. இவை புண்ணைக் கெடுக்கும், மருத்துவருக்கும் இடையூறு. குழாயில் ஓடும் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடங்கள் ஊற்றிவிட்டு, தூய பருத்தித் துணியால் தளர மூடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குழாய், ரெகுலேட்டர், உருளை: வாங்கும்போதும் மாற்றும்போதும்

குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதாகவும், உள்ளே எஃகுக் கம்பி வலை உடையதாகவும் இருக்க வேண்டும். ஏஜென்சிகளில் 'சுரக்ஷா' குழாய் என்று கேட்டால் கிடைக்கும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேற்படலாகாது. நடுவில் ஒட்டுப் போடலாகாது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அதற்கு முன்னரே வெடிப்பு, விறைப்பு, எலிப்பல் ஆகியவை தென்பட்டால் அன்றே மாற்றுங்கள். அழகுக்காகக் குழாய்க்குத் துணி உறை தைத்துப் போடாதீர்கள். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமற் போகும். குழாய் வாங்கிய தேதியைச் சமையலறை நாட்காட்டியின் பின்புறம் எழுதி வைத்தல் நல்ல பழக்கம்.

உருளையின் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டைக் குறிக்கும் எண்ணும் இருக்கும். 'ஏ' என்றால் மார்ச் முடிய, 'பி' என்றால் சூன் முடிய, 'சி' என்றால் செப்டம்பர் முடிய, 'டி' என்றால் டிசம்பர் முடிய என்று பொருள். காட்டாக, 'பி 30' என்றிருந்தால் அவ்வுருளை 2030 சூன் முடிவுக்குள் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும். கெடு கடந்த உருளையைப் பெற்றுக்கொள்ளாதீர்கள். வீட்டு உருளையில் 14.2 கிலோ எரிவாயு இருத்தல் வேண்டும். வெற்று உருளையின் எடையும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் முழு எடை தெரியும். எடையைக் காட்டச் சொல்லவும், வால்வில் கசிவு இல்லை என்று சோதித்துத் தரச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கொண்டுவருபவரிடம் இன்சொல்லோடு கேளுங்கள்; கூச்சப்பட வேண்டாம்.

உருளை எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். காற்றோட்டமில்லாத மூடிய அலமாரிக்குள் உருளையை வைக்கலாகாது. இரவு படுக்கச் செல்லுமுன் அடுப்பின் திருகியை மட்டுமன்றி ரெகுலேட்டரையும் அணைப்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

கடலும் வெள்ளமும் உள்ள ஊர்க்காரர்களுக்கு

உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருவேறும் என்பது கிள்ளை மக்களுக்குப் புதிதன்று. உருளையின் அடிவளையமும், அடுப்பின் கால்களும், பர்னரைத் தாங்கும் தகடுகளும் முதலில் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். அடிவளையம் அரித்துப்போன உருளையை ஏற்காதீர்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப் பேரலை, 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2015இன் பெருவெள்ளம் ஆகியவற்றைக் கண்டது நம் கடலூர் மாவட்டம். ஆகவே வெள்ளக் காலத்துக்கான முறைகளும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எரிவாயு நிரம்பிய உருளைகூட நீரில் மிதக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முழு உருளையின் எடை ஏறத்தாழ 30 கிலோ. அதன் உட்கொள்ளளவு மட்டுமே 33 லிட்டருக்கு மேல். எனவே வெள்ளம் புகுந்தால் அது மிதந்து, குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடியிட்டு, உருளையைச் சன்னல் கம்பியோடோ தூணோடோ நிமிர்த்திக் கட்டிவையுங்கள். ரெகுலேட்டரை உயரமான இடத்தில் உலர்வாக வையுங்கள். வெள்ளநீர் புகுந்த ரெகுலேட்டரைக் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாகாது. உள்ளே சேறு படிந்தால் அழுத்தத்தைக் குறைக்கும் வேலையை அது செய்யாது. ஏஜென்சியில் கொடுத்து வேறு பெறுங்கள். சேறு புகுந்த அடுப்பையும் மெக்கானிக் பார்த்த பின்னரே பற்றவைக்க வேண்டும்.

வெந்நீர்க் கருவிகள்

மார்கழிக் குளிரில் முதியோருக்கு வெந்நீர் வைக்க எரிவாயு கீசரும் மின்சார ஹீட்டர் கம்பியும் இப்போது நம் வீடுகளில் வந்துவிட்டன. எரிவாயு கீசரை மூடிய குளியலறைக்குள் பொருத்துவது உயிருக்கே உலை வைப்பதாகும். காற்றுக் குறைந்த இடத்தில் எரிவாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிப்பவர் தலைசுற்றி விழுந்து, கதவைத் திறக்கவும் இயலாமல் மடிவார். கருவியை வெளிச் சுவரில் பொருத்தி, குழாய் வழியாக வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவருவதே முறை. குளிக்கும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே வெளியேற வேண்டும்.

ஹீட்டர் கம்பியை வாளியில் இட்டால், சூடு ஏறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கக் கூடாது. சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே நீரைத் தொட வேண்டும். எர்த் இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கில் மட்டுமே அதைச் செருக வேண்டும்.

நினைவிற் கொள்க

பர்னரைக் கழுவுவதும், மூடியைச் சரியாகப் பொருத்துவதும், குழாயின் மடிப்பை நீக்குவதும், சோப்பு நீரால் சோதிப்பதும், லைட்டரைத் துடைப்பதும் நாமே செய்யக்கூடியவை. ஜெட், திருகியின் உட்பகுதி, ரெகுலேட்டர், உருளையின் வால்வு ஆகிய நான்கும் நாம் தொடக்கூடாதவை. விபத்து நேர்ந்தால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டின் வழியாக இழப்பீடு கேட்க இடமுண்டு. அதற்கு ஏஜென்சிக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே தெரிவித்திருக்க வேண்டும். முத்திரை பெற்ற குழாயும் ரெகுலேட்டரும் பயன்படுத்தியிருக்கவும் வேண்டும்.

புது உருளை வரும் நாளை ஆய்வு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று கணவரும் மனைவியும் சேர்ந்து நின்று குழாயை ஒருமுறை தடவிப் பார்த்து, சோப்பு நீரைத் தடவி, நாட்காட்டியில் உள்ள தேதியைப் படியுங்கள். பத்து நிமிட வேலை. நான் மருத்துவமனையில் கண்ட அந்தக் குடும்பத்தில் இன்று இதைச் செய்பவர் கணவரே. சோப்பு நீர்க் கிண்ணத்தைத் தாமே எடுத்துக்கொண்டு வருவார் என்று அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார்.